அச்சாரம் யார் பக்கம்?

“முன்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது.”

கல்யாண மண்டபத்து ரசீதின் அடியில், பந்தல்காரரின் பில் புக்கில், மைக் செட் கடையின் சுவரில், டான்ஸ் குழுவின் விசிட்டிங் கார்டுக்குப் பின்னால் என்று நம்மூரில் இந்த வரி இல்லாத இடம் குறைவு. ஒத்தக்கடையில் என் நண்பன் ஒருவன் நடத்தும் ஒலிப்பதிவு ஸ்டுடியோவின் கதவிலும் லேமினேட் செய்து ஒட்டியிருக்கிறான். இதை யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். “யாரு எழுதித் தரணும்? எல்லாரும் அப்படித்தான மாப்ள போட்டிருக்காங்க” என்றான்.

இந்த ‘எல்லாரும்’ எங்கிருந்து வந்தது? பாட்டுக்கும் கூத்துக்கும் முன்பணம் கொடுத்துத் தேதி பிடிக்கும் வழக்கம் நம்மிடம் பழையது. தேதி கெட்டுப்போனால் அந்தப் பணம் யாருக்கு என்ற சண்டையும் அதே அளவு பழையது. காலத்துக்கு ஒரு பதில் வந்திருக்கிறது. ஒவ்வொரு பதிலிலும் அந்தக் காலத்தில் யார் கை ஓங்கியிருந்தது என்று தெரிகிறது.

முதலில் ஸ்டுடியோவைச் சொல்லிவிடுகிறேன். மேலூர் ரோட்டிலிருந்து யானைமலை பக்கம் திரும்பும் தெருவில், ஒரு மாடி. பாடுவதற்கு ஒரு சின்ன அறை, கம்ப்யூட்டர் வைத்த இன்னொரு அறை, சுவரெல்லாம் ஒலி உறிஞ்சும் பஞ்சுப் பலகை. சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து சாமி பாட்டு பதிய வருவார்கள். கட்சிப் பாட்டு, குறும்பட டப்பிங், ஆட்டோவில் ஒலிக்கும் கடைத் திறப்பு அறிவிப்பு, காலேஜ் பையன்களின் யூட்யூப் பாட்டு எல்லாம் உண்டு. பங்குனி, சித்திரையில் தேதி கிடைக்காது. மணிக்கணக்கில் வாடகை, பாதியை ஜிபேயில் அனுப்பினால்தான் காலண்டரில் பெயர் ஏறும்.

தேதி கெடுவதற்குக் காரணமா இல்லை? பாடுகிறவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். ஊரில் கேதம் விழுந்துவிடும். திருவிழாவுக்கு அனுமதி கிடைக்காமல் போகும். பக்கத்துத் தெருக் கோயிலில் குழாய் ரேடியோ கட்டினால் ஸ்டுடியோவிலேயே பதிவு ஓடாது. பத்து நாளுக்கு முன்னால் சொன்னால் அந்த நேரத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். முந்தின நாள் ராத்திரி சொன்னால் அது போனது போனதுதான். விற்காத தக்காளியை மறுநாள் பாதி விலைக்காவது தள்ளலாம். விற்காத செவ்வாய்க்கிழமை காலையை ஒன்றும் செய்ய முடியாது. நண்பனின் கதவில் இருக்கும் வரிக்கு நியாயம் இங்கிருந்துதான் வருகிறது. அந்த நியாயம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதில்தான் சிக்கல்.

*

தமிழில் இதற்கு ஒரு சொல் இல்லை, மூன்று இருக்கின்றன. அச்சாரம், முன்பணம், டெபாசிட். பேச்சில் எல்லாவற்றையும் ‘அட்வான்ஸ்’ என்ற ஒரே பைக்குள் போட்டுவிட்டோம்.

அச்சாரம் என்பது பேச்சுக்கு அடையாளம். தொகை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. வெற்றிலை பாக்கில் ஒரு ரூபாய் வைத்துக் கொடுத்தாலும் மேளக்காரர் அந்தத் தேதியை வேறு ஊருக்குக் கொடுக்கக் கூடாது. முன்பணம் என்பது விலையின் ஒரு பகுதி, கொஞ்சம் சீக்கிரம் கொடுக்கப்படுவது. டெபாசிட் பிணை: பொருள் உடைந்தால் பிடித்துக்கொள்ள, உடையாவிட்டால் திருப்பித் தர.

இந்த வித்தியாசத்தை உச்ச நீதிமன்றம் இரண்டு வழக்குகளில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. 1963இல் முடிந்த ஃபதே சந்த் வழக்கில், 1,12,500 ரூபாய்க்கு ஒரு சொத்து பேசப்பட்டது. வாங்குகிறவர் முதலில் 1,000 ரூபாயும் பிறகு 24,000 ரூபாயும் கொடுத்திருந்தார். வியாபாரம் முறிந்தது. விற்கிறவர் மொத்தத்தையும் வைத்துக்கொள்ளப் பார்த்தார். அச்சாரமான 1,000 ரூபாயை வைத்துக்கொள்ளலாம், அந்த 24,000 ரூபாயை அதே கணக்கில் விழுங்க முடியாது என்றது நீதிமன்றம். 1969இல் மௌலா பக்ஸ் வழக்கு. ராணுவத்துக்கு உருளைக்கிழங்கு, கோழி, முட்டை, மீன் சப்ளை செய்ய ஒப்புக்கொண்ட ஒருவர் 10,000 ரூபாயும் 8,500 ரூபாயும் டெபாசிட் கட்டியிருந்தார். சப்ளை சரியாக நடக்கவில்லை என்று அரசு அதைப் பறிமுதல் செய்தது. இது அச்சாரம் இல்லை, பிணை. நஷ்டத்தை நிரூபிக்காமல் எடுத்துக்கொள்ள முடியாது என்று தீர்ப்பு வந்தது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் கதவில் ஒட்டிய காகிதம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. ‘திருப்பித் தரப்பட மாட்டாது’ என்று எழுதிவிட்டதால் மட்டும் பணம் ஒருவருக்குச் சொந்தமாகிவிடாது. அது எந்த வகைப் பணம், தேதி போனதால் உண்மையில் எவ்வளவு நஷ்டம் என்ற கேள்விகள் உண்டு. 2019இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி போய், நஷ்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்கு வாடிக்கையாளர் தலையில் அபராதம் கட்டும் ஒப்பந்தத்தை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

இத்தனைக்கும் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004இல் திறக்கப்பட்டது இதே மேலூர் ரோட்டில், ஒத்தக்கடைக்குப் பக்கத்தில். ஆனால் இரண்டாயிரம் ரூபாய் அட்வான்ஸுக்காக யாரும் அந்த வாசலை மிதிக்கப் போவதில்லை. அதனால் சட்டம் என்ன சொன்னாலும், பணம் யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதே விதி. இந்த நிலைமைக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

*

இன்று முன்பணம் வாங்கியவர் கை ஓங்கியிருக்கிறது. நூற்றைம்பது வருடத்துக்கு முன்பு நிலைமை தலைகீழ். முன்பணம் வாங்கியவன் மாட்டிக்கொண்டவன்.

1859இல் ஆங்கிலேய அரசு ஒரு சட்டம் போட்டது. அந்த ஆண்டின் 13ஆம் சட்டம். கல்கத்தா, மதராஸ், பம்பாய் நகரங்களுக்காக வந்து பிறகு மற்ற இடங்களுக்கும் பரவியது. கைவினைஞரோ கூலியாளோ முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வராவிட்டால் முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லையேல் வேலையைச் செய் என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போடுவார். அதையும் மீறினால் மூன்று மாதம் வரை சிறை. வேலை கொடுப்பதாகச் சொன்ன முதலாளி வாக்கு மாறினால் அவருக்குச் சிறை கிடையாது. கேன்சல் செய்வது ஒருவருக்குக் கிரிமினல் குற்றம், இன்னொருவருக்கு வெறும் கொடுக்கல் வாங்கல் தகராறு. இதை ரத்து செய்யும் சட்டம் 1925இல்தான் வந்தது.

மதுரை, ராமநாதபுரம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களுக்கு இதன் இன்னொரு முகம் தெரியும். கங்காணி கொடுத்த முன்பணத்தில் பயணம் தொடங்கும். தோட்டத்தில் கால் வைக்கும்போதே கடன் கணக்கு இருக்கும். வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமென்றால் ‘துண்டு’ வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறோம் என்று தோட்ட நிர்வாகம் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அந்தத் தொகையைப் புதுத் தோட்டம் கட்டும். கடன் ஆளோடு கூடவே நடந்து போகும். 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. இந்தியாவில் 1976இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தைத் திறந்தால், அது முதலில் விளக்கம் கொடுக்கும் சொற்களில் ஒன்று ‘அட்வான்ஸ்’. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கலையுலகம் இதற்கு வெளியே இருக்கவில்லை. 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அந்த ஆண்டே சிறுவர்களாக அதில் சேர்ந்தார்கள். பிற்காலத்தில் தன்வரலாறு எழுதிய டி.கே. சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. எம்.ஜி.ஆர். வளர்ந்த மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியும் இந்த வகைதான். பையன்களுக்காகப் பெற்றோர் கம்பெனியோடு பேசி முடிப்பார்கள். சோறும் படுக்கையும் பாட்டும் வசனமும் கம்பெனி தரும். பதிலுக்குப் பையனின் எல்லா நாளும் கம்பெனிக்கு. அவனிடம் தேதி என்று தனியாக ஒன்று கிடையாது, கேன்சல் செய்வதற்கு. அவனால் முடிந்தது ஓடிப்போவது மட்டும்தான். ஓடிப்போன பையன்களின் கதை இல்லாத பழைய நாடகக்காரர் தன்வரலாறு அநேகமாக இருக்காது.

*

இதே மதுரையில் இதற்கு எதிர்த் திசையில் ஒன்று வளர்ந்தது. ஸ்பெஷல் நாடகம்.

ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி இல்லை. ராஜபார்ட்டை ஒரு ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட்டை இன்னொரு ஊரிலிருந்து, பபூனை, ஆர்மோனியக்காரரை, மிருதங்கக்காரரை என்று ஒவ்வொருவரையும் அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் தனித்தனியாகப் பேசுவார்கள். ஒத்திகை கிடையாது. முருகனும் வள்ளியும் அன்றைக்குத்தான் முதன்முதலாக முகம் பார்க்கிறவர்களாகக்கூட இருக்கலாம். சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டும் கதையும் எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால் விடிய விடிய நாடகம் ஓடிவிடும்.

மென்பொருள் எழுதுகிறவனுக்கு இது பெரிய ஆச்சரியம். இடைமுகம் ஒன்றுதான், உள்ளே யார் வந்தாலும் ஓடும். இதில் முக்கியமான மாற்றம் தேதி கைமாறியது. கம்பெனிப் பையனின் நாட்கள் முதலாளியுடையவை. ஸ்பெஷல் நடிகரின் தேதி அவருடையது, அவர்தான் விற்கிறார். திருவிழா கமிட்டி முன்பணம் கொடுத்தால் டைரியில் அந்த ராத்திரிக்கு நேராக ஊர் பெயர் எழுதப்படும். பிறகு பெயரும் படமும் போட்ட நோட்டீஸ் அச்சாகி ஊர் முழுக்க ஒட்டப்படும். நோட்டீஸ் வெறும் விளம்பரம் இல்லை. இன்னார் இன்ன தேதியில் வருகிறார் என்று ஊரறியச் சொன்ன வாக்கு. நடிகர் வராமல் போனால் கமிட்டிக்கு மட்டும் பதில் சொல்லி முடியாது, விடிய விடிய மண்ணில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்குச் சொல்ல வேண்டும். கமிட்டி ஏமாற்றினால் நடிகருக்கும் போய் நிற்க ஓர் இடம் இருந்தது. மதுரையில் நாடக நடிகர்களுக்குச் சங்கம் உண்டு.

நான் பார்த்த வரை, முன்பணத்தில் இரண்டு பக்கமும் ஓரளவுக்குச் சமமாகக் கட்டுப்பட்டிருந்த ஏற்பாடு இதுதான். கடனாகத் தொடங்கிய அட்வான்ஸ் இங்கே தேதிக்கான மரியாதையாக மாறியது.

அந்த மரியாதையின் உச்சத்துக்கு ஒரு பெயர் வேண்டுமானால் கே.பி. சுந்தராம்பாள். ஸ்பெஷல் நாடக மேடையிலிருந்து வந்தவர். 1933இல் கிட்டப்பா இறந்த பிறகு நடிப்பதில்லை என்று இருந்தார். சினிமாவுக்குக் கூப்பிட்டவர்களைத் தட்டிக் கழிக்கவே ஒரு லட்சம் ரூபாய் கேட்டார், அவர்களோ ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, 1935இல் வந்த ‘நந்தனார்’ படத்துக்காக அவர் வாங்கியது ஒரு லட்சம். தன் தேதிக்குத் தானே விலை சொல்லும் நிலைக்கு ஒரு நாடகக்காரி வந்துவிட்டார்.

*

அதே காலத்தில் பாட்டு இன்னொரு இடத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. 1902இல் ஃப்ரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் இறங்கி கௌஹர் ஜானின் குரலைப் பதிந்தார். 1932இல் மெய்யப்பச் செட்டியார் கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கி ஓடியன் இசைத்தட்டுகளை வெளியிட்டார். நாடகங்கள் செட்டு செட்டாகத் தட்டில் வந்தன.

இந்தக் காலத்தில் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு யாரும் அட்வான்ஸ் கட்டவில்லை. கூடம் கம்பெனியுடையது. பாடுகிறவருக்குத்தான் கம்பெனி பணம் தரும். லண்டனில் 1931இல் திறந்த அபே ரோடு ஸ்டுடியோவும் அப்படித்தான். 1963 பிப்ரவரி 11 அன்று பீட்டில்ஸ் ஒரே நாளில் பத்துப் பாட்டுகள் பதிந்தபோது, அந்த நாளின் மூன்று ஷிஃப்டுகளும் ஈ.எம்.ஐ. கம்பெனியின் கணக்கு. நேரம் வீணானால் கம்பெனியின் நேரம். சென்னையில் படக் கம்பெனிகளின் ஒலிப்பதிவுத் தியேட்டர்களும் தொடக்கத்தில் ஸ்டுடியோ முதலாளிகளின் சொத்து.

ஆனால் நட்சத்திரத்தின் தேதி கெட்டால் என்ன ஆகும் என்பதை அந்த உலகம் ஒருமுறை மிகப் பெரிய அளவில் பார்த்தது. 1944 டிசம்பரில், பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். ‘ஹரிதாஸ்’ அந்தத் தீபாவளிக்கு வந்து கொட்டகை நிரம்பி ஓடிக்கொண்டிருந்த நேரம். பாகவதர் கையில் வரிசையாகப் படங்கள் ஒப்பந்தமாகியிருந்தன. அவருக்காகத் திட்டமிட்ட ‘ஸ்ரீ முருகன்’ ஹொன்னப்ப பாகவதருக்குப் போனது. ‘உதயணன்’ ஜி.என். பாலசுப்ரமணியத்துக்குப் போனது. ஆயுள் தண்டனை, பிரிவி கவுன்சில் மேல்முறையீடு, மறு விசாரணை எல்லாம் முடிந்து 1947 ஏப்ரலில் விடுதலையானார்கள். வாங்கியிருந்த முன்பணங்களைப் பாகவதர் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்பது திரையுலகம் இன்றும் சொல்லிக்கொள்ளும் செய்தி. குற்றமற்றவர் என்று விடுதலையானவர் அவர். தேதிகள் கெட்டதற்கு அவர் காரணமில்லை. தயாரிப்பாளர்களும் காரணமில்லை. இரண்டு பக்கமும் தப்பில்லாமல் ஒரு தேதி செத்துப்போனால் முன்பணம் யாருக்கு?

*

இந்தக் கேள்விக்கு 1872இன் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் பதில் இருக்கிறது. பதிலை விளக்க அந்தச் சட்டம் எடுத்துக்கொண்ட ஆள் யார் தெரியுமா? பாட்டுக்காரர்.

65ஆம் பிரிவின் கீழ் வரும் உதாரணங்களைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. ஒருவர் கச்சேரியில் பாட ஆயிரம் ரூபாய் முன்கூட்டியே வாங்கியிருக்கிறார். அன்றைக்கு உடம்பு சரியில்லாமல் பாட முடியவில்லை. கச்சேரி நடத்துகிறவருக்குப் போன லாபத்தை அவர் ஈடுகட்ட வேண்டியதில்லை. ஆனால் வாங்கிய ஆயிரத்தைத் திருப்பித் தர வேண்டும். அதே இடத்தில் இன்னொரு உதாரணம். ஒரு பாடகி, வாரம் இரண்டு ராத்திரி என்று இரண்டு மாதம் பாடப் பேசியிருக்கிறார். ராத்திரிக்கு நூறு ரூபாய். ஆறாவது ராத்திரி வேண்டுமென்றே வராமல் இருந்துவிடுகிறார். மேனேஜர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். ஆனாலும் பாடி முடித்த ஐந்து ராத்திரிக்கான பணத்தை அவர் கொடுத்தே ஆக வேண்டும்.

கூலியாள் முன்பணம் வாங்கிவிட்டு வராவிட்டால் சிறை என்று 1859இல் எழுதிய அதே அரசு, பதின்மூன்று வருடம் கழித்துப் பாடகியைப் பற்றி இவ்வளவு நிதானமாக எழுதியது. இரண்டு சட்டங்களும் ஐம்பது வருடத்துக்கு மேல் ஒரே சமயத்தில் அமலில் இருந்தன. ஒரே அட்வான்ஸ், வாங்கியவர் யார் என்பதைப் பொறுத்து இரண்டு நீதி.

இங்கிலாந்தில் இந்தத் தெளிவு வரப் பல வருடம் ஆனது. 1902 ஜூன் 26, 27 தேதிகளில் ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டு ஊர்வலம். ஊர்வலம் பார்க்கத் தோதான மாடி அறைகளை மக்கள் வாடகைக்குப் பிடித்தார்கள். ஹென்றி என்பவர் பால் மால் தெருவில் 75 பவுண்டுக்கு அறை பேசி 25 பவுண்டு அட்வான்ஸ் கொடுத்தார். ஜூன் 24 அன்று மன்னருக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை, ஊர்வலம் தள்ளிப்போனது. மிச்சம் 50 பவுண்டைக் கட்டத் தேவையில்லை என்றது நீதிமன்றம். அதே தெருவில் இன்னொரு அறை, 141 பவுண்டு 15 ஷில்லிங். 100 பவுண்டு கொடுத்திருந்தவருக்கு 1904இல் வந்த தீர்ப்பு வேறு: கொடுத்தது கொடுத்ததுதான், ஊர்வலத்துக்கு முன்பே முழுத் தொகையும் கட்ட வேண்டும் என்று பேச்சு இருந்ததால் மிச்சத்தையும் கட்டு. ஒரே மன்னர், ஒரே வயிற்று வலி. பணத்தைக் கட்ட வேண்டிய தேதி மாறியதால் நியாயமும் மாறியது. இந்தத் தீர்ப்பை மாற்ற 1942 வரை ஆனது. அடுத்த வருடம் அதற்கென்று சட்டமே போட்டார்கள்.

அந்தச் சட்டம் பிற்பாடு ஒரு ராக் இசைக் குழுவுக்குப் பயன்பட்டது. 1992 ஜூலையில் மாட்ரிட்டில் கன்ஸ் அன் ரோஸஸ் குழுவின் நிகழ்ச்சி நடக்க இருந்தது. ஸ்டேடியத்தின் கட்டுமானம் பாதுகாப்பானது இல்லை என்று கடைசி நேரத்தில் அனுமதி ரத்தானது. நிகழ்ச்சியை நடத்த இருந்தவர்கள் கொடுத்திருந்த 4,12,500 டாலர் அட்வான்ஸ் முழுவதையும் திருப்பித் தரும்படி 1995இல் தீர்ப்பு வந்தது. குழுவுக்கும் செலவு ஆகியிருந்தது, அதை நீதிபதி மறுக்கவில்லை. மற்ற பக்கத்தின் நஷ்டம் எவ்வளவு பெரிது என்று ஒப்பிட்டுப் பார்த்தார்.

*

திரும்ப நம்மூருக்கு வருகிறேன். கம்பெனிச் சொத்தாக இருந்த ஒலிப்பதிவு அறை எப்படி மணிக்கணக்கில் விற்கும் சரக்கானது? சென்னையில் பெரிய தியேட்டர்கள் வெளியாருக்கும் வாடகைக்குப் போகத் தொடங்கின. நேரம் கால்ஷீட்டாக வெட்டி விற்கப்பட்டது. 1989இல் ரஹ்மான் தன் வீட்டை ஒட்டியே பஞ்சதன் ரெக்கார்ட் இன் அமைத்தார். பிறகு கம்ப்யூட்டர் மலிவானது, ஒத்தக்கடை மாடியிலும் ஸ்டுடியோ வந்தது. இதற்கு நேர் எதிர்த் துருவம் இளையராஜா. சாலிகிராமம் பிரசாத் ஸ்டுடியோவில் ஒரு கூடம் நாற்பது வருடத்துக்கு மேல் அவர் கையில் இருந்தது. முடியும் தேதி எழுதாத புக்கிங். அடுத்த தலைமுறை நிர்வாகம் இடத்தைக் கேட்டபோது விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. 2021 பிப்ரவரியில் அவர் சொந்தமாக ஸ்டுடியோ திறந்தார். மேதைக்கும் கட்டடத்துக்கும் இடையில் இருந்த வாய்மொழி ஏற்பாடு, வாய் கொடுத்தவர்கள் போன பிறகு நிற்கவில்லை.

சின்ன ஸ்டுடியோக்களுக்குப் பரீட்சை 2020இல் வந்தது. மார்ச் கடைசியில் ஊரடங்கு. மதுரையில் சித்திரைத் திருவிழா ரத்து. மீனாட்சி கல்யாணம் மே 4 அன்று கோயிலுக்குள் சில பட்டர்களோடு நடந்து இணையத்தில் ஒளிபரப்பானது. அழகர் ஆற்றில் இறங்கவில்லை. திருவிழாவே இல்லாத வருடத்தில் திருவிழாப் பாட்டு யாருக்கு? பங்குனியில் அட்வான்ஸ் கட்டியிருந்தவர்கள் போன் செய்தார்கள். கதவில் இருந்த ‘எக்காரணம் கொண்டும்’ என்பதில் பெருந்தொற்றும் அடங்குமா? 1872இன் பாடகர் உதாரணப்படி அடங்காது. ஆனால் என் நண்பன் கையில் அந்தப் பணம் இல்லை. மாடி வாடகைக்குப் போயிருந்தது.

போன வருடம் அவனுக்கு ஒரு புக்கிங் செயலி எழுதிக் கொடுத்தேன். ஒரே நேரத்தை இரண்டு பேர் பிடிக்காமல் பூட்டுவது சுலபம். கேன்சல் பக்கத்துக்கு வந்ததும் வேலை நின்றது. கம்ப்யூட்டருக்கு ‘பார்த்துக்கலாம்’ புரியாது, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு விதி வேண்டும். வாடிக்கையாளர் ஏழு நாளுக்கு முன் கேன்சல் செய்தால்? முந்தின நாள் செய்தால்? அவன் டக் டக்கென்று பதில் சொன்னான். “ஸ்டுடியோ கேன்சல் பண்ணா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்தான். “நாம எதுக்கு கேன்சல் பண்ணப் போறோம்?” கரண்ட் போனால்? ரேடியோ குழாய் கட்டினால்? சினிமா வேலை ஒன்று வந்து நாள் முழுக்க ஸ்டுடியோ வேண்டும் என்றால்? “அட்வான்ஸத் திருப்பிக் கொடுத்துருவோம்டா” என்றான். அந்தப் பக்கம் மேலூரிலிருந்து நாலு பேர் வண்டி பிடித்து வந்திருப்பார்களே என்றதற்குப் பதில் வரவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் 1804இல் எழுதிய சிவில் சட்டத்தில் 1590ஆம் பிரிவு இதை ஒரே மூச்சில் முடிக்கிறது. அச்சாரம் கொடுத்தவர் பின்வாங்கினால் கொடுத்ததை இழக்கிறார். வாங்கியவர் பின்வாங்கினால் இரண்டு மடங்காகத் திருப்பித் தருகிறார். இரண்டு பேருக்கும் வெளியேற வழி உண்டு, இரண்டு பேருக்கும் ஒரே விலை. நான் இதைச் சொன்னபோது நண்பன் சிரித்தான். கடைசியில் இப்படி முடிவானது: ஏழு நாளுக்கு முன் சொன்னால் முழுப் பணமும் திரும்பும். அதற்குப் பிறகு அந்த நேரம் வேறு யாருக்காவது போனால் திரும்பும், போகாவிட்டால் பாதி. கேதம் என்றால் தேதி மாற்றம், காசு கிடையாது. ஸ்டுடியோ கேன்சல் செய்தால் முழுப் பணமும் வண்டிச் செலவும். சட்டப்படி கச்சிதமா என்று கேட்டால் சொல்ல முடியாது. ஒருவர் மட்டும் எழுதிய விதி மாதிரி இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் விதிகளை எழுதி முடித்த பிறகுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. அந்தச் செயலியில் இரண்டு பக்கம்தான் இருக்கிறது: ஸ்டுடியோ, வாடிக்கையாளர். ஒரு சாமி பாட்டுப் பதிவுக்குத் தபேலாக்காரர் வருகிறார். கோரஸ் பாட இரண்டு பெண்கள் வருகிறார்கள். நாதஸ்வரம் வேண்டுமென்றால் ஒருவர். அவர்களுக்கு நண்பன் போனில்தான் சொல்வான்: “அண்ணே, வியாழக்கிழமை காலைல ஃப்ரீயா வச்சுக்கங்க.” பெரும்பாலும் அட்வான்ஸ் இல்லை, வேலை முடிந்ததும் காசு. வியாழக்கிழமைப் பதிவு புதன்கிழமை ராத்திரி ரத்தானால் ஸ்டுடியோவுக்குப் பாதிப் பணம் நிற்கும், வாடிக்கையாளருக்குப் பாதி திரும்பும். அந்தத் தேதிக்காக வேறு வேலையை விட்ட தபேலாக்காரருக்கு ஒன்றும் இல்லை. கம்பெனிப் பையன் தேதியே இல்லாதவனாக இருந்தான். ஸ்பெஷல் நடிகர் தேதிக்கு முன்பணம் வாங்கினார். இவரிடம் தேதி இருக்கிறது, அதற்கு விலை கேட்கிற இடத்தில் அவர் இல்லை.

செயலியில் மூன்றாவதாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். பதிவு உறுதியானதும் வாத்தியக்காரர்களுக்கும் கோரஸுக்கும் அச்சாரம் அனுப்ப ஒரு பட்டன். தொகை சின்னதுதான், இருநூறு ரூபாய். “எல்லாரும் இப்படிப் போடுறதில்லையே மாப்ள” என்கிறான் நண்பன். அந்தப் பட்டன் இன்னும் அணைந்தே கிடக்கிறது.